வன்னியில் இருந்து வெளிக்கிடுபவர்களுக்கு: வருத்தம் வர முன்னரே டொக்டரிடம் பதியுங்கள்

போன மாதம் முள்ளியவளையில் வீட்டில் வந்து நின்றபோது பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். சுவிஸில் உள்ள கணவரிடம் போகப்போகிறவள். "அக்கா, அங்க ஆஸ்பத்திரிக்குக் காசு கட்ட வேணுமா?" ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் ரொறொன்ரோவுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம். தம்பி சுவிஸில், சித்தி குடும்பம் லண்டனில். நாங்கள் பட்டதை வைத்து அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

ஊரில் எங்களுக்குப் பழக்கமான வழி ஒன்றுதான். காய்ச்சல் என்றால் இரண்டு நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் பார்ப்போம். மாறாவிட்டால் விடிய எழும்பி மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ கிளிநொச்சி ஆஸ்பத்திரியிலோ ஓபிடி என்ற வெளிநோயாளர் வரிசையில் நிற்போம். டொக்டர் துண்டு எழுதுவார், குளிசையைக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். ஒரு சதம் கேட்க மாட்டார்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம். விசேட டொக்டரைத் தனியாரில் சனல் பண்ணிப் பார்த்தால் மட்டும்தான் காசு.

இதே பழக்கத்தோடு வெளிநாட்டில் இறங்கினால் கஷ்டப்படுவீர்கள். அங்கே முதல் வாசல் குடும்ப டொக்டர். அவசரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் பெரியாஸ்பத்திரிக்கு அவர்தான் அனுப்ப வேண்டும். காசும் வருத்தம் வர முன்னரே, வரியாகவோ காப்புறுதிக் கட்டணமாகவோ போய்க்கொண்டிருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும்.

எனக்கு இது முதல் மாரியிலேயே விளங்கியது. குடும்ப டொக்டர் தேடாமல் ஐந்து மாதம் இழுத்துவிட்டேன். ஒரு இரவு காது நோவு தாங்க முடியாமல் அவசரப் பிரிவுக்குப் போய் ஒன்பது மணித்தியாலம் இருந்தேன். நெஞ்சு நோவோடு வந்தவர்களை முதலில் எடுத்தார்கள், அது சரிதான். டொக்டர் பார்த்ததற்குக் காசு இல்லை. அவர் எழுதிய மருந்துக்குப் பார்மசியில் காசு கேட்டபோதுதான் திகைத்துப்போனேன்.

கனடாவில் அப்படித்தான். டொக்டரும் ஆஸ்பத்திரியும் மாகாணத்தின் பொறுப்பு, மருந்து பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. ஒன்ராறியோவில் 25 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் வேலையிடக் காப்புறுதியில் மருந்து எடுக்கிறார்கள். அது இல்லாமல் மருந்துச் செலவு கூடினால் ட்ரில்லியம் என்ற மாகாணத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஹெல்த் கார்டுக்கு முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், 2020இல் அதை எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காத்திருப்பு இன்னும் உண்டு, அந்த இடைவெளிக்குத் தனியார் காப்புறுதி எடுங்கள். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. எல்லாக் கிளினிக்கும் அதை ஏற்காது, போக முன்னர் போன் பண்ணிக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவை 1948இல் இருந்து பெரும்பாலும் வரிக்காசில் நடக்கிறது. விசாவில் போகிறவர்களில் பலர் விண்ணப்பிக்கும்போதே அதற்கென்று வருடத்துக்கு 1,035 பவுண்ஸ் கட்டுகிறார்கள், மாணவர் என்றால் 776. இவ்வளவு காசைக் கட்டிவிட்டு ஜிபி என்ற குடும்ப டொக்டரிடம் பதியாமல் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பதிவதற்கு விசாவோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கட்டாயம் என்று சொன்னால், விதி அப்படி இல்லை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்ஸ், ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை.

சுவிஸ்தான் விளங்கக் கடினம். அங்கே காப்புறுதிக் கம்பனிக்கு ஆளுக்கு ஆள் மாதாமாதம் கட்ட வேண்டும், பிறந்த பிள்ளைக்கும் சேர்த்து. சம்பளம் குறைந்தவர் என்பதற்காகக் கம்பனி குறைக்காது. போய் மூன்று மாதத்துக்குள் எடுக்க வேண்டும். கடைசி நாளில் எடுத்தாலும் போன நாளில் இருந்து கணக்குப் போட்டு வாங்குவார்கள், ஆகவே இழுப்பதில் பயன் இல்லை. அப்புறம் பிரான்சீஸ் என்று ஒன்று: வருடத்தில் முதல் எவ்வளவு செலவை நீங்களே ஏற்கிறீர்கள் என்ற தொகை. பெரியவர்களுக்கு 300 பிராங்கில் இருந்து 2,500 வரை தெரிவு செய்யலாம். அதைத் தாண்டிய செலவிலும் 10 வீதம் உங்களுடையது, வருடத்துக்கு 700 பிராங் வரை. 2,500ஐ எடுத்தால் மாதக் கட்டணம் குறைவு என்பதால் எங்கள் பெடியள் யோசிக்காமல் அதை எடுக்கிறார்கள். தம்பியும் எடுத்தான். அந்த வருடமே அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன் வந்து 3,200 பிராங் கையில் இருந்து போனது, கடன் வாங்கித்தான் கட்டினான். அவ்வளவு சேமிப்புக் கையில் இல்லாதவர்கள் 300ஐ எடுங்கள். வருமானம் குறைவென்றால் கன்டோன், அதாவது அங்கத்தைய மாநிலம், கட்டணத்தில் ஒரு பங்கைத் தரும், சில கன்டோன்களில் கேட்டால்தான் தருவார்கள். அம்புலன்ஸ் செலவில் அடிப்படைக் காப்புறுதி பாதிதான் தரும், அதுவும் வருடத்துக்கு 500 பிராங் வரை. தங்கச்சிக்கு நான் முதன்முதலில் சொன்னது இதைத்தான்: கர்ப்பத்தின் 13ஆம் கிழமையில் இருந்து பிள்ளை பிறந்து எட்டுக் கிழமை வரை இந்தப் பிரான்சீஸும் 10 வீதமும் கிடையாது.

பிரான்ஸில் குடும்ப டொக்டர் யார் என்று பதிந்து வைக்காவிட்டால், டொக்டருக்குக் கட்டியதில் திரும்பக் கிடைக்கும் காசு குறையும். வதிவிடக் காகிதம் இல்லாதவர்களும் பெரிய அரச ஆஸ்பத்திரிகளில், காப்புறுதி இல்லாதவர்களைப் பார்க்கும் பாஸ் என்ற பிரிவைக் கேட்டுப் போகலாம். ஜேர்மனியில் காப்புறுதிக் காசைத் தொழிலாளியும் முதலாளியும் பகிர்ந்து கட்டுகிறார்கள், சம்பளத்தில் தானாகக் கழியும்.

யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு உடம்பில் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். எங்கள் ஆட்களுக்கு இது மிக முக்கியம். எம்ஆர்ஐ என்பது உடம்பின் உள்ளே படம் எடுக்கும் பெரிய காந்தம். உடம்பில் செல் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ கிட்ட என்றால் ஆபத்து. அதற்காகத்தான் படிவத்தில் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். எங்களில் பலர் 'இல்லை' என்று போடுகிறார்கள். சிலருக்கு மறந்தே போய்விட்டது, சிலருக்கு எங்கே காயப்பட்டாய் என்று விசாரிப்பார்களோ என்ற பயம். தயவுசெய்து சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது டொக்டரின் கடமை. முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்ப்பார்கள். சரிவராது என்றால் சிடி ஸ்கேன் போன்ற வேறு வழி பார்ப்பார்கள், அதில் காந்தம் இல்லை.

நித்திரை வராமை, சத்தம் கேட்டால் நெஞ்சு படபடப்பு, இவற்றையும் அதே டொக்டரிடம் சொல்லலாம். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. பேச மொழி போதாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்துச் சொல்ல வேண்டாம். அம்மாவின் இரத்தப்போக்கையும் அப்பாவின் காயத்தையும் அந்தப் பிள்ளை காவக்கூடாது.

வெளிக்கிட முன்னர் கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், பிள்ளையின் தடுப்பூசிக் கார்ட் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, மூலத்தைக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஒன்ராறியோவில் பள்ளிக்கூடம் தடுப்பூசிப் பதிவைக் கேட்கும். சீனி, பிரஷர் இருப்பவர்கள் இரண்டு மூன்று மாதக் குளிசையை, மருந்தின் பெயர் எழுதிய டொக்டரின் துண்டோடு எடுங்கள். கடதாசிப் பையில் உள்ள வெள்ளைக் குளிசையைக் காட்டினால் அங்கே ஒருவருக்கும் விளங்காது.

அந்தத் தங்கச்சிக்கும் இடது தோளில் ஒரு துண்டு இருக்கிறது. 2009இல் அவளுக்கு ஏழு வயது. போன கிழமை மாஞ்சோலையில் எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் கூறைச்சேலையோடு சூட்கேஸில் வைத்திருக்கிறாள்.