புதுப்பிப்பு: 4 நாள் பன்றிக்குட்டிகளின் நீர்க்கழிச்சல், காரணம் தெரிந்தது

குட்டிகள் மஞ்சள் நீராகக் கழிகின்றன, காரணம் என்ன என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கழிச்சலில் லிட்மஸ் தாளை வைத்துப் பார்க்கச் சொன்னவர் கணக்குதான் சரி: சிவப்புத் தாள் நீலமானது, அதாவது காரம்; ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவாக இருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. குடலைத் தாக்கும் ரோட்டா வைரஸ் என்றால் பெரும்பாலும் அமிலமாக இருக்கும். அப்புறம் ஆய்வகமும் ஈ.கோலைதான், அதில் எஃப்4 என்ற வகை என்று உறுதி செய்தது.

எதிர்பாராதது, இறந்த குட்டியின் குடல். புண்ணோ ரத்தமோ இல்லை. நீர் நிரம்பி பலூன் மாதிரி உப்பியிருந்தது. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு கிருமி விடும் நச்சு செல்களைக் கொல்வதில்லை, உப்பில் உள்ள குளோரைடை அவை குடலுக்குள் தள்ள வைக்கிறது. பின்னாலேயே நீரும் போகிறது. குளுக்கோஸோடு சோடியத்தை உறிஞ்சும் வழி மட்டும் கெடுவதில்லை. வாயில் ஊற்றிய உப்பு-குளுக்கோஸ் கரைசல் பலித்தது அதனால்தான். 11ல் 9 பிழைத்தன. அடுத்த ஈற்றுக்கு முன்பே தாய்ப்பன்றிக்குத் தடுப்பூசி போடப்போகிறேன், சீம்பால் வழியாக எதிர்ப்பு கிடைக்கும்.