மறு: கொயோட்டி டைம் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். பக்கவாட்டில் நகரும் தாவல் விளையாட்டு ஒன்றின் அமைப்புகள் பக்கத்தைத் தமிழாக்குகிறேன். உயிர், நாணயம், கட்டம் எல்லாம் முடிந்தது. கொயோட்டி டைம் மட்டும் நிற்கிறது. மேடையின் விளிம்பைத் தாண்டிக் காலை எடுத்த பிறகும் ஒரு கணம் வரை குதிக்கும் பொத்தானை ஏற்றுக்கொள்வார்களே, அது. பறவையைத் துரத்தி மலைவிளிம்பைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கும்வரை விழாமல் நிற்கும் கார்ட்டூன் கொயோட்டியிடமிருந்து வந்த பெயர். திங்கட்கிழமை கோப்பைக் கொடுக்க வேண்டும். பெட்டியில் 14 எழுத்துக்கு மேல் நிற்காது.

----

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? திரிசங்கு நேரம்! மேலும் இல்லை, கீழும் இல்லை. பாட்டி கதை கேட்ட எவருக்கும் உடனே புரியும்.

----

> திரிசங்கு நேரம்

வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும், திரிசங்கு விழவே இல்லையே ஐயா. நம் ஆள் பொத்தானை அழுத்தாவிட்டால் பள்ளத்தில்தான்.

நுண்ணிய காலத்துக்கு நம்மிடம் அளவு இருக்கிறது. "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்கிறது தொல்காப்பியம். ஆகவே 'விளிம்பு மாத்திரை'. தாவல் என்பதையும் விட்டுவிட்டு குதி என்றே போகலாம். குதி, குதிகால், குதிரை மூன்றும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம், குதிகாலை ஊன்றித்தானே எழும்புகிறோம், கூத்தையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

----

தனி மடலிலேயே எழுதுங்கள் :)

மாத்திரை என்று போட்டால் விளையாடுகிற பிள்ளை, விழுங்கினால் சக்தி ஏறும் என்று நினைக்கும். தாவல் உலாவியில் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது, அங்கே அது டேப் (tab). கொயோட்டி டைம் என்றே எழுத்துப்பெயர்த்துவிட்டால் என்ன? விளையாடுகிறவர்கள் அப்படித்தானே சொல்கிறார்கள்.

----

நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எதற்குப் பெயர் வைக்கிறோம் என்றே நாம் இன்னும் பேசவில்லை. பெரும்பாலும் ஆள் அந்தரத்தில் நிற்பதே கிடையாது. விளிம்பைத் தாண்டியதும் ஈர்ப்பு வேலையைத் தொடங்கிவிடும், அவன் விழத் தொடங்கியிருப்பான். ஆனால் 'தரையில் இருக்கிறான்' என்ற குறி மட்டும் சில சட்டங்களுக்கு (frame, திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) அணையாமல் இருக்கும். நொடிக்கு 60 சட்டம் ஓடினால் 6 சட்டம் என்பது பத்தில் ஒரு நொடி. அதற்குள் அழுத்தினால் குதி செல்லும். ஆக இது மிதப்பு இல்லை, அனுமதி. இதன் மறுபக்கமும் உண்டு: தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டு, தொட்டதும் குதிக்க வைப்பது. இரண்டுக்கும் பொருந்துகிற சொல்லாகப் பாருங்கள்.

----

அனுமதி என்றால் 'விளிம்புச் சலுகை'?

----

சலுகை என்றால் தள்ளுபடி விற்பனை ஞாபகம் வருகிறது. 'விளிம்புத் தவணை' பரவாயில்லை. கெடு முடிந்த பிறகும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது. மற்றதற்குத் 'தரைத் தவணை'.

----

தரைத் தவணை சரிவராது. அங்கே நாம் தாமதிக்கவில்லையே, முந்திக்கொள்கிறோம். 'முன்னழுத்தல்' என்று வைக்கலாம்.

இன்னொன்று, அதே கோப்பில் "100 நாணயங்களுக்கு ஒரு உயிர்" என்று பார்த்தேன். சூப்பர் மரியோ 1985-இலேயே கொண்டுவந்த கணக்கு, அது சரி. ஆனால் உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வர வேண்டும். ஓர் உயிர்.

----

ஓர் உயிர் என்று பேச்சில் யார் சொல்கிறார்கள்?

----

எழுத்தில் சொல்வோம். விளிம்புத் தவணையில் 'த்' கட்டாயம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமைத் தொகை, மருந்துக் கடை மாதிரி.

----

சரி, விளிம்புத் தவணைக்கு நால்வர், எழுத்துப்பெயர்ப்புக்கு இருவர், மாத்திரைக்கு ஒருவர். ஒற்றோடு சேர்த்து 8 எழுத்து, பெட்டியில் நிற்கிறது. விளிம்புத் தவணை, முன்னழுத்தல், ஓர் உயிர் என்றே கோப்பில் ஏற்றிவிட்டேன். இரட்டைக் குதியா இரட்டைத் தாவலா என்பதை யாரும் தொடங்கிவிட வேண்டாம்.

----

பெரும்பான்மை சொன்னதால் சொல் சரியாகிவிடாது. தவணை என்றால் கடன், கட்டவில்லை என்றால் வட்டி. பிள்ளை எந்தக் கடனை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தது? என் வாக்கு மாத்திரைக்கே. குதிரை பற்றிய மடல் தனியே வருகிறது.