மறு: ‘ஊடாடும் படநூல்’ – வேறு சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் திறந்தும் இழுத்தும் தடவியும் பார்க்கும் அட்டைப் படநூலை (interactive picture book) ‘ஊடாடும் படநூல்’ என்பதற்கு வேறு சொல் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ‘ஊடாடும்’ கணினித் திரைக்குப் பொருந்தும். தொட்டால் திரை மறுமொழி தரும். அட்டைப் புத்தகம் சும்மா கிடக்கிறது. திறப்பதும் இழுப்பதும் தடவுவதும் பிள்ளையின் கைதான். அந்த வினையையே பெயராக்கலாம்: திறந்துபார் நூல், இழுத்துப்பார் நூல், தடவிப்பார் நூல். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதே இல்லை.
– பாலர் பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

டீச்சர், மூன்றும் நல்ல பெயர்கள். இந்நூல்களைச் செய்யும் பட்டறைக்கு நூலின் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். திறக்கும் துண்டை ‘மடல்’ என்று வைப்போம். ‘கதவு’ என்றால் வீட்டுப் படத்தோடு நின்றுவிடும். இலையைத் தூக்கிப் புழுவைக் காட்டும் துண்டைக் கதவு என்பதா?

செய்முறையில் சறுக்குவது பெரும்பாலும் மடிப்பில்தான். தாளின் இழை ஓடும் திசையும் (grain) மடிப்புக் கோடும் இணையாக இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் 300 கிராம் (சதுர மீட்டருக்கு) ஆர்ட் கார்டு மடிப்பில் வெடித்து, சில நாளில் மடல் கையோடு வரும். வெட்டுமுன் அட்டையை இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கத்துக்கே மடிப்பு. ஒட்டுப்பட்டை 1 செ.மீ. இருக்கட்டும், எதிர் விளிம்பில் விரல் நுழைய அரைவட்ட வெட்டு. வெள்ளைப் பசையை அள்ளிப் பூசினால் அதிலுள்ள நீரால் பக்கம் நெளியும்.

பக்கத்துப் பிளவில் செருகி இழுக்கும் அட்டைத் துண்டை ‘நாடா’ என்போம். அதற்கு நம் ஊர் ஈரக்காற்றுதான் எதிரி. அட்டை ஊறினால் பிளவில் இறுகிவிடும். நாடாவின் அகலத்தைவிடப் பிளவு 2 மி.மீ. நீளமாக வேண்டும். உள்முனையில் அகலமான தடுப்பு இல்லையென்றால் முதல் இழுப்பிலேயே முழுதும் வெளியே வந்துவிடும்.
– அச்சுத்தொழில், ஈப்போ

மடல் என்றால் இங்கே எல்லாரும் எழுதிக்கொண்டிருப்பதும் மடல்தானே! சங்கக் காதலன் ஏறிய பனைமடல் வேறு இருக்கிறது. ஆனாலும் காதுமடல், மூக்குமடல் என்று ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் அசைவதற்கு இச்சொல் வழக்கில் உண்டு, குழப்பம் வராது. தோட்டத்தில் செம்பனையோலையை ‘மட்டை’ என்பதால் அங்கும் மோதாது. என் வாக்கு மடலுக்கே. ‘நாடா’தான் இடிக்கிறது, அது துணியை நினைவூட்டுகிறது. ‘இழுபட்டை’ எனலாமே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, இழுபட்டை சரி. இன்னொன்று பாக்கி: இந்நூல்களைச் சேர்ந்து வாசிக்கும் முறை. ஆங்கிலத்தில் dialogic reading. அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் ஆய்வாக வெளியிட்டது. பெரியவர் கேட்பார், பிள்ளை சொல்லும், பெரியவர் அதை நீட்டித் திருப்பிச் சொல்வார். பிள்ளை ‘பூனை’ என்றால், ‘ஆமாம், கறுப்புப் பூனை, கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிறது’. மடலைத் திறக்குமுன் ‘உள்ளே யார் இருப்பார்?’ என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடியாவது வாயை மூடியிருக்க வேண்டும். ‘பூனையா?’ என்று கேட்டால் ‘ஆமா’வோடு முடிந்துவிடும். ‘உரத்து வாசித்தல்’ இதற்குப் போதாது, அதில் பிள்ளைக்குப் பேச்சே இல்லை. ‘உசாவி வாசித்தல்’ (வினவி வாசித்தல்) என்று போட்டிருக்கிறேன். பெற்றோருக்குக் கடினமா என்று சொல்லுங்கள்.
– ஆசிரியை

உசாவி கடினம். ‘கேட்டு வாசித்தல்’ என்றால் காதால் கேட்பதாகிவிடும். ‘பேசி வாசித்தல்’?
– ஈப்போ