பல ஆண்டுகள் நின்றுபோன மோரிஸ் மைனர்: இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

தோட்டத்து மைனர் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்த என் தாத்தா வாங்கிய மோரிஸ் மைனர் 1000 மகிழுந்து, எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நிற்கிறது. 1964ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி இன்ஜின். பழுதாகி நின்ற வண்டி அன்று. தாத்தாவுக்குக் கண்பார்வை குறைந்ததும், ஓடும் நிலையிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாயம் அடிப்பதையும் இருக்கை தைப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, இயந்திரப் பகுதிகளை மட்டும் வீட்டிலேயே சீர்செய்ய விரும்புகிறேன்.

நியூட்ரலில் தள்ளினால் வண்டி சிரமப்பட்டு உருள்கிறது. ஆனால் முன்பக்கம் கைப்பிடியை நுழைத்துச் சுற்றிப் பார்த்தால் இன்ஜின் இம்மியும் அசையவில்லை. பட்டணத்துப் பட்டறை ஒன்றில் விசாரித்தபோது, வண்டியை வந்து பார்க்காமலேயே, இன்ஜினை இறக்கி முழுவதும் பிரித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இறக்காமல் விடுவிக்க வழி உண்டா? எந்த வேலையில் தொடங்குவது முறையாக இருக்கும்?

பழைய ஸ்பேனர் (ஈப்போ):

தம்பி, இறக்க வேண்டாம். இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். ஓடி நின்ற வண்டியின் இன்ஜின் இறுகிப்போவதற்கு, பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருப்பது காரணமாக இருக்காது. நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஒன்றிரண்டு வால்வுகள் திறந்தே இருக்கும். நம் ஊர் ஈரக்காற்று புகைபோக்கி வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் அந்தச் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் இடையில் மெல்லிய துருப்படலத்தைக் கட்டிவிடுகிறது. அந்தப் படலம் இளகினால் போதும்.

நான்கு ப்ளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மேசைக்கரண்டி அளவு ஊற்றுங்கள். எண்ணெய் கீழே இறங்கிவிட்டால் மறுபடியும் ஊற்றுங்கள், அவசரம் கூடாது. பிறகு கைப்பிடியைக் கொண்டு இரு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். முன்பக்கம் அசையாவிட்டால், வண்டியை நான்காவது கியரில் போட்டுப் பின்னோக்கி ஓரிரு அங்குலம் தள்ளிப் பார்க்கலாம். இந்த நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவே கூடாது. அதற்கு இருக்கும் பலம் வளையத்தை உடைக்கப் போதுமானது.

கைப்பிடியை ஆட்டுவதற்கு முன்னால் மேல்மூடியைக் கழற்றி, எட்டு வால்வுகளையும் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அசையத் தொடங்கியதும் ஏதாவது ஒரு வால்வு கீழே இறங்கி மேலே ஏறாமல் நின்றுவிட்டால், உடனே நிறுத்தி, அதன் தண்டில் எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டி விடுவிக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் தொடர்ந்து சுற்றினால், வால்வை இயக்கும் தண்டான புஷ்ராடு வளைந்துபோகும். இன்ஜின் தாராளமாகச் சுற்றத் தொடங்கிய பின், துரு எண்ணெய் கலந்துபோன பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு 20டபிள்யூ-50 இன்ஜின் எண்ணெய் ஊற்றுங்கள். ப்ளக்குகள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும் வரை காத்திருங்கள். அதன் பிறகு கம்ப்ரெஷனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் உண்டாக்கும் அழுத்தத்தை, அளந்து நான்கு எண்களையும் இங்கே எழுதுங்கள். அந்த எண்களைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சொல்பவர் உங்கள் இன்ஜினைப் பற்றிப் பேசவில்லை, தம் வருமானத்தைப் பற்றிப் பேசுகிறார்.

பீடோர் சகோதரி:

அண்ணன் சொன்ன முறையில் எனக்கு மறுப்பில்லை; வரிசையில் மறுப்பு உண்டு. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தெரு முனை வரையாவது ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசை எவருக்கும் வரும். அதற்கு முன்பே பிரேக்கையும் முன்சக்கரத் தாங்கிகளையும் முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டி சிரமப்பட்டு உருள்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; ஏதோ ஒரு சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மைனரில், மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இன்ஜின் பகுதியில் இல்லை. ஓட்டுநரின் காலடியில், தரைவிரிப்பை விலக்கினால் ஒரு சிறு தகடு தெரியும். அதற்குக் கீழே சட்டத்தின் உள்ளேதான் அது உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு நீண்ட போல்ட்டுகளை உருவ முயன்றால், முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (முறுக்கத்தால் வில்லாக வேலை செய்யும் இரும்புத் தண்டு) குறுக்கே நிற்கும். டார்ஷன் பாரை இறக்குவதற்குப் பயந்து பலர் அந்தப் போல்ட்டுகளை அறுத்து எடுத்துவிட்டு, புதியவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்துவிடுகிறார்கள். அடுத்த முறை கழற்றுவதற்கும் அது வசதியாக இருக்கிறது. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சக்கரங்களில் மொத்தம் ஆறு சிலிண்டர்கள் உண்டு: முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. பிரேக் ஃபுளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது என்பதால், இத்தனை ஆண்டுகளில் உட்சுவர்களில் துருக்குழிகள் விழுந்திருக்கும். விரல் நகத்தால் தடவும்போது நகம் தடுக்கினால், வாஷர் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர்க் குழாய்கள் மூன்றையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அவை உட்புறம் வீங்கி அடைத்துக்கொண்டால், மிதியை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊத வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டிய அந்தக் காலத்து லைனிங் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பிரேக்கை விடவும் நான் அதிகம் அஞ்சுவது முன்சக்கரத்தின் ட்ரனியன்களுக்குத்தான். சக்கரத்தின் சுமையைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, மேலும் கீழும் ட்ரனியன் எனப்படும் மரை வெட்டிய துண்டுகளுக்குள் திரும்புகிறது. கிரீஸ் இல்லாமல் ஓடிய வண்டியில் கீழ்த்துண்டின் மரை தேய்ந்து, ஒரு நாள் கழன்றுவிடும். அப்போது முன்சக்கரம் கீல் விட்ட கதவைப் போல மடிந்துகொள்ளும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வண்டியை நகர்த்தவே வேண்டாம். ஆட்டம் இல்லையென்றால், சுமை இல்லாத அதே நிலையில், பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப்பார்க்கும் வரை கிரீஸ் அடியுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்க வேண்டாம். இரும்புத் தாங்கிகள் வைத்த பிறகுதான் இறங்க வேண்டும்.

லேத் பட்டறை (தாப்பா):

இரண்டு விஷயங்களை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு கொண்டவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13ஆம் எண் ஸ்பேனர் அதில் பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் துருப்பிடித்த நட்டின் முனைகளை உருட்டிவிடும். 7/16, 1/2, 9/16 ஆகிய மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். இரண்டாவது, மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைகிறது. இன்றைய கார்களின் பழக்கத்தில் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.

தோட்டத்து மைனர் (சுங்கை சிப்புட்):

அண்ணன், அக்கா, அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்ன வரிசையையே பின்பற்றினேன். இடப்பக்கப் பின்சக்கரத்தின் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ட்ரனியன்களில் ஆட்டமில்லை, தாத்தா கிரீஸ் துப்பாக்கியை வண்டியின் பின்பெட்டியிலேயே வைத்திருந்ததன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது. காற்று வடிகட்டியைத் திறந்தபோது உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது.

எண்ணெய் ஊற்றி ஆறப்போட்ட பின், வண்டியைப் பின்னோக்கித் தள்ளியபோது இன்ஜின் முதலில் இளகி, பிறகு இரு பக்கமும் சுற்றியது. எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றன. கம்ப்ரெஷன், சதுர அங்குலத்துக்குப் பவுண்டு கணக்கில், முன்பக்கத்திலிருந்து வரிசையாக 145, 70, 75, 150. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தும் எண்கள் ஏறவில்லை. இனி இறக்கித்தான் ஆக வேண்டுமா?

பழைய ஸ்பேனர் (ஈப்போ):

தம்பி, இதைவிடத் தெளிவாக ஓர் இன்ஜின் பேச முடியாது. எண்ணெய் விட்டதும் எண் ஏறியிருந்தால் வளையத்தின் மேல் சந்தேகம் வரும். ஏறவில்லை, குறைவாக இருக்கும் இரண்டும் அடுத்தடுத்த சிலிண்டர்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருக்கின்றன. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எரிந்துபோயிருக்கிறது. இந்த இன்ஜினில் அவ்விரண்டு சிலிண்டர்களுக்கும் புகை வெளியேற நடுவில் ஒரே பொதுவழிதான் உண்டு. அதனால் சூடு அங்கே கூடுதலாகத் தங்கும், கேஸ்கட்டும் அங்கேதான் முதலில் போகும். ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் தாங்கிகளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுகள் நான்கும் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை; ஆகவே ஒன்பது ஹெட் நட்டுகளையும் சிறிது சிறிதாக, மாறி மாறித் தளர்த்த வேண்டும். புஷ்ராடுகளை அட்டையில் எட்டுத் துளை போட்டு வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் இடுக்கில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் புதிய கேஸ்கட்டும் நிற்காது. ப்ளக்குகளைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியால் இன்ஜினைச் சுற்றினால், நல்ல சிலிண்டர்களின் அழுத்தமே ஹெட்டைக் கிளப்பிவிடும்.

திருப்பிப் பூட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகப் போய், படிப்படியாக 40 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவிலான வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கையில், 0.012 அங்குலம். அதற்கு ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு: எட்டாவது வால்வு முழுதும் திறந்திருக்கையில் முதலாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதை, எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். இன்ஜின் ஓடிச் சூடேறி, முழுவதும் ஆறிய பிறகு நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பார்த்து, வால்வு இடைவெளியையும் மீண்டும் அளக்க வேண்டும்.

லேத் பட்டறை (தாப்பா):

ஹெட் வெளியே வந்ததும் நேரான இரும்புச் சட்டம் ஒன்றை அதன் பரப்பில் நீளவாட்டிலும் குறுக்காகவும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நுழைந்தால் மட்டும் லேத்துக்குக் கொண்டு வாருங்கள்; தட்டையாக இருக்கும் ஹெட்டைச் சீவச் சொல்லி எவரும் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

தோட்டத்து மைனர் (சுங்கை சிப்புட்):

ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக, வால்வுகள் மூடும்போது அமரும் விளிம்புகளான வால்வு இருக்கைகளையும் இப்போதே மாற்றிவிட வேண்டும் என்கிறார்களே, ஐயா?

லேத் பட்டறை (தாப்பா):

ஈயம் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து மென்மையான வார்ப்பிரும்பு இருக்கைகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது உண்மைதான். அது இல்லாமல் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டினால், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கைக்குள் மெல்ல அமிழ்ந்துபோகும். ஆனால் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இடையில் மெதுவாகப் போய்வரும் வண்டிக்கு இப்போதே அந்தச் செலவு தேவையில்லை. முன்பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 ஆகியவை எக்ஸாஸ்ட் வால்வுகள். ஒவ்வொரு முறை இடைவெளி பார்க்கும்போதும் அந்த நான்கின் அளவையும் எழுதி வையுங்கள்; சரிசெய்த பிறகும் அவை தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் மட்டும் கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திக்கொள்ளலாம்.