கழற்றிய கையில்தான் பாதி ஆயுசு: பழைய சென்ட்ரல் ஏசி மாட்டிய அனுபவங்கள்

ஹூஸ்டனிலிருந்து:

வணக்கம். பழைய சென்ட்ரல் ஏசியை வாங்கி வீட்டில் மாட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நான் மாட்டியிருக்கிறேன், இன்றுவரை நன்றாக ஓடுகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2022 கோடை தொடங்கும் நேரத்தில் எங்கள் வீட்டு யூனிட்டின் கம்ப்ரசர் போய்விட்டது. அது ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் கேஸில் ஓடியது. அமெரிக்காவில் 2020 ஜனவரி 1 முதல் அந்த கேஸின் தயாரிப்பும் இறக்குமதியும் நின்றுவிட்டன, இருப்பில் உள்ளதும் விலை அதிகம். இனி அதற்குப் பணம் போடுவதில் அர்த்தமில்லை. புது சிஸ்டத்துக்கு வந்த கொட்டேஷன்களோ பத்தாயிரம் டாலரைத் தாண்டின. அந்தச் சமயத்தில்தான் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், வீட்டை இழுத்துக் கட்டுவதால் பெரிய யூனிட்டுக்கு மாறப்போவதாகச் சொன்னார். அவருடையது 2016இல் தயாரான 3 டன் யூனிட், ஆர்-22க்குப் பின் வந்த ஆர்-410ஏ கேஸில் ஓடுவது.

விலையைப் பேசும் முன் நான் கேட்டது, "இன்னும் கழற்றலையே?" என்பதைத்தான். பழைய ஏசியை ஓடும்போதே பார்த்துவிட வேண்டும். அறைக் காற்று உள்ளே போகும் ரிட்டர்ன் கிரில்லில் ஒரு தெர்மாமீட்டர், குளிர்ந்த காற்று வரும் சப்ளையில் ஒன்று வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் 18 டிகிரி பாரன்ஹீட் வந்தது. 16 முதல் 22 வரை இருந்தால் பொதுவாகச் சரி. வெளி யூனிட்டோடு அட்டிக்கில் (கூரைக்கு அடியில்) இருந்த, காற்றைக் குளிர்விக்கும் காயிலையும் சேர்த்தே கேட்டு வாங்கினேன். இரண்டும் ஜோடியாக வடிவமைக்கப்பட்டவை, வெளி யூனிட்டை மட்டும் தூக்கி வந்து ஆர்-22 காயிலோடு சேர்த்தால் அது ஓடும் ஓட்டம் ஓட்டமே இல்லை.

இனி முக்கியமான இடம். கழற்றும் நாளில் உரிமம் உள்ள டெக்னீஷியனை வைத்து பம்ப் டவுன் செய்தோம். அதாவது, லிக்விட் லைன் வால்வை மூடிவிட்டு கம்ப்ரசரை ஓட்டினால் கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் போய்ச் சேரும், அப்புறம் சக்‌ஷன் வால்வையும் மூடிவிடலாம். வெட்டிய காப்பர் முனைகளை அங்கேயே அடைத்தோம். இவ்வளவு கவனம் எதற்கு என்றால், ஆர்-410ஏ கம்ப்ரசரில் இருக்கும் பிஓஇ என்ற செயற்கை மசகு ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக உறிஞ்சும். ஆயிலில் கலந்த ஈரத்தை, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பால் முழுதாக எடுக்க முடியாது. அது நாளடைவில் அமிலமாகி மோட்டார் சுற்றை அரித்துவிடும். கேஸைக் காற்றில் திறந்துவிட்டுக் கழற்றுவது சட்டப்படி குற்றமும்கூட. கேஸைக் கையாளவே இபிஏவின் (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) 608 சான்றிதழ் வேண்டும்.

மாட்டுவதற்கு ஆள் கிடைப்பது பெரும் பாடு. வாரண்டி இல்லாத யூனிட்டைத் தொட மாட்டோம் என்று பல கடைகள் மறுத்துவிட்டன. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் வந்தவர் அருமையான வேலைக்காரர். பழைய காப்பர் லைனில் ஆர்-22 யூனிட்டின் மினரல் ஆயில் இருக்கும், அது பிஓஇ ஆயிலோடு சேராது என்று சொல்லி லைனையே மாற்றினார். காப்பரைச் சூடாக்கி ஒட்டும் பிரேசிங் செய்யும்போது உள்ளே கரி படியாமலிருக்க நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டார். ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் புது ஃபில்டர் டிரையர் போட்டார். இரவு முழுக்க நைட்ரஜன் பிரஷரில் வைத்து லீக் பார்த்தார். வேக்கத்தை 500 மைக்ரானுக்கு (வேக்கத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை நிறுத்தி, முள் ஏறுகிறதா என்று காத்திருந்து பார்த்த பிறகுதான் கேஸைத் திறந்தார். வேக்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடிப்பவரை நம்பாதீர்கள்.

நகராட்சி பெர்மிட், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

டாலஸிலிருந்து:

அண்ணா சொல்வது முழுக்க உண்மை. என் மைத்துனர் குடிபோன வீட்டில், முந்தைய உரிமையாளர் ஒரு பழைய யூனிட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரே கோடையில் கம்ப்ரசர் எரிந்தது. ஆயிலைச் சோதித்தால் அமிலம். விசாரித்ததில், காப்பரைக் கட்டரால் வெட்டி, முனையை அடைக்காமல் யாரோ கராஜில் போட்டு வைத்திருந்த யூனிட் அது என்று தெரிந்தது. காயில், லைன் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று. 2025 முதல் இங்கே புதிதாகத் தயாராகும் வீட்டு ஏசிகளில் ஆர்-410ஏ கிடையாது, ஆர்-454பி அல்லது ஆர்-32தான். இவை லேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் லீக் சென்சார் போன்ற ஏற்பாடுகளோடு வருகின்றன. பழைய காயிலோடு இவற்றைக் கலக்கவே கூடாது. பழைய 410ஏ யூனிட்டை இப்போது மாட்ட நினைப்பவர்கள், வாங்கும் முன்பே ஊர் பெர்மிட் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து:

இங்கே இது வேறு மாதிரி. ஆபீஸ் காலி செய்யும்போது டக்ட் (காற்றுக் குழாய்) வழியே குளிர் காற்றை அனுப்பும் டக்டபிள் யூனிட்கள் மலிவாக வரும், பால்ஸ் சீலிங் உள்ள வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் வாங்குகிறார்கள். அவை பெரும்பாலும் 5.5 டன், 8.5 டன், மூன்று பேஸ் கரண்டில் ஓடுபவை. வீட்டு லோடு, மாத பில் இரண்டையும் முதலில் கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, டக்ட் ஓட்ட உயரம் போதாததால் விட்டுவிட்டோம். ஹூஸ்டன் நண்பரிடம் ஒரு கேள்வி: இன்னும் ஒரு டன் கூடுதலாக எடுத்திருக்கலாமே?

ஹூஸ்டனிலிருந்து:

அதைப் பலரும் சொன்னார்கள். ஹூஸ்டன் சென்னை மாதிரியே புழுக்கமான ஊர். தேவைக்கு மேல் பெரிய யூனிட் போட்டால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க நேரமே கிடைக்காது. வீடு ஜில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் 3 டன் சரியாக வந்தது. பிரேக்கரையும் பாருங்கள். எங்கள் பழைய யூனிட்டுக்கு 40 ஆம்ப் இருந்தது, வாங்கியதன் தகட்டில் அதிகபட்சம் 30 என்று போட்டிருந்தது. எலெக்ட்ரீஷியனை வைத்து மாற்றிய பிறகுதான் ஆன் செய்தோம்.