தானாவில் ஒரு கொலை: சுங்கம் 3 சதவீதத்திலிருந்து 5 ஆனது எப்படி?

கருங்கடல்:
1333-இல் தங்கக் கூட்டம் (Golden Horde) என்ற மங்கோலியப் பேரரசின் ஆட்சியாளர் உஸ்பெக் கான் தானாவில் (இன்றைய அசோவ்) வெனிஸ்காரர்களுக்கு இடம் கொடுத்து 3 சதவீதச் சுங்கம் விதித்தார். 1347-இல் அவர் மகன் ஜானிபெக் அதே தானாவை 5 சதவீதத்துக்குத் திருப்பித் தருகிறார். கிரிமியாவில் ஜெனோவாக்காரர்களின் துறைமுகமான கஃபாவை இரண்டு முறை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாதவர் சுங்கத்தை மட்டும் எப்படி ஏற்றினார்?

சுங்கச்சாவடி:
கஃபாவைப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் கடல். கானிடம் கப்பற்படை இல்லை. கோட்டைக்குள் இருந்த ஜெனோவாக்காரர்களுக்குத் தானியம் கப்பலில் வந்துகொண்டே இருந்தது. அதனால் அவர் வென்றது பேச்சுவார்த்தையில்தான்.

1343 செப்டம்பரில் ஆந்திரியோலோ சிவ்ரானோ என்ற வெனிஸ் பிரபு தானாவில் கோஜா ஓமர் என்ற உள்ளூர்ப் பிரமுகரைக் கொன்றார். இத்தாலியர் அனைவரும், கொலையில் சம்பந்தமே இல்லாத ஜெனோவாக்காரர்கள் உட்பட, விரட்டப்பட்டார்கள். 1344-இல் இரு நகரங்களும் சேர்ந்து கானின் நாட்டோடு வணிகத் தடை போட்டன. வியாபாரம் கஃபாவில் மட்டும் என்றார்கள். ஓட்டை இங்கேதான்: கஃபா ஜெனோவாவின் ஊர். தடை நீடிக்க நீடிக்க, வெனிஸ் வணிகன் போட்டியாளரின் துறைமுகத்தை நம்பியே பிழைக்க வேண்டும். 100 வெள்ளிக்கட்டி மதிப்புள்ள சரக்குக்குக் கூடுதலாக 2 கட்டி கொடுத்துவிட்டுத் தானாவுக்கே திரும்புவது வெனிஸுக்கு எவ்வளவோ மேல். கானுக்கும் சுங்க வருமானம் வேண்டியிருந்தது. கூட்டாளியைக் கைவிட்டு வெனிஸ் தனியாகக் கையெழுத்திட்டது.

யர்லிக்:
மேலே சொன்னது சரி. சட்டப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவ்ரானோவை ஒப்படைக்கும்படி ஜானிபெக் கேட்டார். வெனிஸ் தானே விசாரித்து நாடுகடத்தியது. ஒருவன் குற்றத்துக்கு அந்த ஊரார் எல்லோரும் பொறுப்பா என்பதுதான் உண்மையான சண்டை. 1307-இலும் இதே கதை: உஸ்பெக்குக்கு முன் ஆண்ட தோக்தா கான் தன் தலைநகர் சராயில் இருந்த இத்தாலியரைச் சிறைபிடித்துக் கஃபாவை முற்றுகையிட்டார். 1308-இல் ஜெனோவாக்காரர்கள் ஊரைத் தாங்களே கொளுத்திவிட்டுக் கப்பலேறினார்கள். தோக்தா 1312-இல் இறந்து உஸ்பெக் வந்த பிறகுதான் திரும்ப முடிந்தது.

ஒரு கான் தந்த உரிமை அவரோடு போய்விடும். அடுத்தவரிடம் புது யர்லிக் (கானின் உரிமைப் பட்டயம்) வாங்க வேண்டும். அந்த இடைவெளிதான் ஆபத்து. ஃப்ளோரன்ஸின் பெகலொத்தி தன் வணிகக் கையேட்டில் இதைத் தனியாக எச்சரிக்கிறார்: அரசர் இறந்து அடுத்தவர் அமரும்வரை வழியில் அந்நியருக்குப் பாதுகாப்பு இல்லை. வணிகன் வழியில் இறந்தால் சரக்கு அரசருக்கு. கூடவே சகோதரனோ, சகோதரன் என்று சொல்லிக்கொள்ளும் தோழனோ இருந்தால் மீட்கலாம். தனியாகப் போகாதே என்பதற்கு இதைவிடக் கறாரான காரணம் வேண்டாம்.

கருங்கடல்:
நன்றி. அப்படியானால் 1347 ஒப்பந்தம் ஜெனோவாவைச் சும்மா இருக்க விட்டிருக்காதே?

சுங்கச்சாவடி:
விடவில்லை. 1350-இல் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் போர். 1355 சமாதானத்தில் இரு தரப்பும் மூன்று ஆண்டுகள் தானாவுக்குப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டன. 1358-இல் வெனிஸ் புதிய கான் பெர்டிபெக்கிடம் உரிமை வாங்கியது. மறு ஆண்டே அவர் கொல்லப்பட்டார். அதன்பின் இருபது ஆண்டுகள் கான்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1365-இல் ஜெனோவா யாரிடமும் யர்லிக் கேட்கவில்லை, கிரிமியத் துறைமுகமான சோல்தாயாவைப் படையோடு போய் எடுத்துக்கொண்டது.