கலைச்சொல்: 'கிளியர் டெஸ்க்', வெள்ளிக்குள் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
வணக்கம். இங்கே ஒரு நகைக்கடன் அலுவலகத்தின் பணியாளர் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. தகவல் பாதுகாப்புக்கான உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 27001 (2022), அதன் பின்னிணைப்பில் 7.7ஆம் கூறு, 'கிளியர் டெஸ்க், கிளியர் ஸ்கிரீன்'. பின்னதற்குத் 'திரைப்பூட்டு' என்று போட்டுவிட்டேன். விண்டோஸ் விசையோடு 'எல்' அழுத்தினால் திரை பூட்டிக்கொள்கிறது, சொல் பொருந்துகிறது. முன்னதுதான் முட்டுகிறது. இருக்கையை விட்டு எழுந்தால் ஆதார் நகல், அடகுச் சீட்டு, சாவிக்கொத்து எதுவும் மேசைமேல் கிடக்கக் கூடாது. 'மேசை ஒழிப்பு' சரிவருமா?

தேவகோட்டையிலிருந்து:
வேண்டாம் தம்பி. மது ஒழிப்பு, கொசு ஒழிப்பு வரிசையில் மேசையும் போய்விடும். ஆனால் வேர் நல்ல வேர். ஒழிந்த இடம் என்றால் காலி இடம். யாப்பு நூலின் ஒழிபியலிலோ, ஒழிபு என்பது முன்பு சொல்லாமல் எஞ்சியது. காலியும் எச்சமும் ஒரே வேரில் கிடக்கின்றன! இன்னொன்று: ழகரம் ளகரமாகி 'ஒளிப்பு' என்று அச்சானால், ஆவணத்தை மறைத்து வை என்று பொருளாகும். தணிக்கைக்கு வருகிறவர் கண்ணில் அது பட வேண்டாம்.

கண்டனூரிலிருந்து:
'மேசை' போர்த்துக்கீசியம். நம்மிடமே சொல் இருக்கிறதே, பெட்டியடி! கணக்குப் பெட்டியும் அதை ஒட்டி உட்காரும் இடமும். 'பெட்டியடிப் பையன்' என்று வேலைப்பெயரே இருந்தது. செட்டியார்கள் கடல் கடந்து வட்டிக்கடை வைத்த கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு பெட்டி. பக்கத்துப் பெட்டிக்காரர் கண்ணில் பேரேடு படக்கூடாதென்றால் அது பெட்டிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே 'பெட்டியடக்கம்'.

பள்ளத்தூரிலிருந்து:
அண்ணே, பெட்டியும் அடக்கமும் சேர்ந்தால் இழவு வீடுதான் நினைவுக்கு வரும். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்குப் பெட்டியடி தெரியாது. படித்ததும் கை தானாக வேலை செய்ய வேண்டும். 'வெறுமேசை' வையுங்கள். வெறுங்கை போலத்தான், 'வெறுமை'யின் 'மை' விகுதி கெட்டது, அடுத்து வருவது மகரம் என்பதால் அங்கே 'ங்' வந்ததுபோல் இன எழுத்து மிகவில்லை.

சொல்லுக்குக் கீழே செயலையும் எழுதுங்கள். அச்சுப்பொறித் தட்டும் மேசைக் கணக்குத்தான். ரகசிய எண் அழுத்திய பிறகே தாள் வெளிவரும்படி அமைக்கலாம். இழுப்பறையைப் பூட்டிச் சாவியைப் பேனாக்கூட்டில் போட்டால் பூட்டாததற்குச் சமம். விசைப்பலகைக்கு அடியில் கடவுச்சொல் சீட்டு ஒட்டக் கூடாது. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் நகல் போதுமான இடத்தில் முழு எண்ணை வாங்கவே வேண்டாம். நகல் எந்திரத்துக்குள் வன்வட்டு இருந்தால் பழைய படிகள் அதில் தங்கும். திருப்பிக் கொடுக்குமுன் அழிக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து:
நன்றி ஆச்சி. அப்படியே ஷ்ரெட்டருக்கும் ஒரு சொல்?

தேவகோட்டையிலிருந்து:
'தாள் நறுக்கி'. 'கிழிப்பான்' ஆகாது, கிழித்ததை ஒட்டிவிடலாம். நீள நாடாவாக வெட்டும் எந்திரத்திலும் அதே குறை. வரிக்கு இணையாகத் தாளைச் செருகினால் 6 மி.மீ. நாடாவில் ஒரு வரி முழுசாகவே தப்பிவிடும். குறுக்கும் நெடுக்குமாக நறுக்கும் பி-4 வகையைக் கேளுங்கள். அதில் ஒரு துண்டு 160 சதுர மி.மீ.க்கு மேல் இருக்காது.

கண்டனூரிலிருந்து:
ஓலை நறுக்கு என்றால் எழுதுவதற்கு நறுக்கிய துண்டு. எழுத்தைத் தாங்கிய சொல்லை எழுத்தை அழிக்கும் எந்திரத்துக்குச் சூட்டுவதா? 'தாள் பொடிப்பான்' என்பேன்.

பள்ளத்தூரிலிருந்து:
காய் நறுக்காத வீடு எது அண்ணே? நறுக்கியே இருக்கட்டும்.

காரைக்குடியிலிருந்து:
வெறுமேசைக்கு மூவர், பெட்டியடக்கத்துக்கு ஒருவர். தாள் நறுக்கிக்கும் அதே கணக்கு. இரவே பக்கம் கட்டுகிறேன்.

கண்டனூரிலிருந்து:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மேசை வெறுமையாயிற்று, சரி. அதிலிருந்தது எங்கே போயிற்று என்று 'வெறுமேசை' சொல்லவில்லை. முகப்புப் பக்கத்திலாவது 'வெறுமேசை, பூட்டிய பெட்டி' என்று சேர்த்தே அச்சிடுங்கள்.